கண்டிச் சீமையில் ஒரு கறுப்புக் குவளை

நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கே பனி இறங்கி, லயத்துத் தகரக் கூரை சொட்டத் தொடங்கிவிட்டது. அண்ணன் மேசைமேல் இரண்டு புட்டிகளை வைத்தார். ஒன்று இலங்கையின் கறுப்பு பீரான லயன் ஸ்டவுட். மற்றது, லண்டனில் வேலை பார்க்கும் அவர் மகன் துணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த சாமுவேல் ஸ்மித் ஓட்மீல் ஸ்டவுட்.

“ஊர்லருந்து வந்திருக்கீங்க தம்பி. குடிச்சுப் பாத்து எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க.”

ஊர் என்றால் தமிழ்நாட்டுத் திருவரங்குளம். அவர் அதைப் பார்த்ததில்லை. என் தாத்தாவின் அண்ணன் வழிப் பேரன் அவர். எங்கள் பக்கத்தில் கண்டி என்றாலே இலங்கை முழுவதும் அடங்கிவிடும். ‘கண்டிக்குப் போனவர்’ என்றால் திரும்பி வராதவர் என்றும் பொருள். பெரிய தாத்தா மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி மலைக்கு வந்தார். நான் திருச்சியில் விமானம் ஏறினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து நானுஓயா வரை ரயில். ஒவ்வொரு வளைவிலும் பச்சை அடர்ந்துகொண்டே போனது. எங்கள் செம்மண்ணையும் முந்திரித் தோப்பையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒரு மலை முழுவதையும் சீவி வாரிவிட்டதுபோல் நிற்கும் அந்தத் தேயிலை வரிசைகள் நம்ப முடியாதவையாக இருந்தன. வாரியவர்கள் யார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இந்தக் குளிரில் பீர் காய்ச்சலாம் என்ற எண்ணம் சாமுவேல் பேக்கர் காலத்தது. பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற அதே பேக்கர்தான். 1848இல் இங்கிலாந்திலிருந்து குடும்பங்களையும் மாடுகளையும் ஆடுகளையும் வேட்டை நாய்களையும் கலப்பைகளையும் கப்பலில் ஏற்றிவந்து, 1,868 மீட்டர் உயரத்தில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை நட்டுப் பார்த்தார். 1855இல் அவர் போய்விட்டார். காய்ச்சும் வழக்கம் தங்கிவிட்டது. லயன் நிறுவனத்தின் மூலமான மதுவடி ஆலைக்கு 1881 என்ற ஆண்டைச் சொல்வார்கள். லவ்வர்ஸ் லீப் அருவித் தண்ணீர், ஐரோப்பாவிலிருந்து வந்த பார்லி முளைதானியம், அங்கிருந்தே வந்த ஹாப்ஸ் பூ. இத்தனையும் மலைப்பாதையில் ஏறி வரவேண்டும். தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளூரில் கிடைக்காத இடத்தில், நூறாண்டுக்கும் மேலாகக் கறுப்பு பீர் வடித்திருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் ஆலை கொழும்பை ஒட்டிய பியகமவுக்கு இறங்கிவிட்டது. நான் குடிக்கப்போவது அந்தச் சமவெளி ஆலையின் சரக்குதான். அருவியின் ருசியை அதில் தேடுவது தப்பு.

அண்ணன் ஐஸ் பெட்டியைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். ஸ்டவுட்டை உறையவைத்தால் நாக்கு மரத்து, கசப்பு மட்டுமே மிஞ்சும். வெளித் திண்ணையின் குளிரே அதற்குப் போதும்.

முதலில் லயன். சாய்த்துப் பிடித்த கண்ணாடித் தம்ளரில் அது இறங்கும்போதே கனம் தெரிந்தது. கும்பகோணம் காப்பியின் நுரை நிறத்தில் மேலே நுரை கட்டியது. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்: நடுவில் கும்மிருட்டு, ஓரத்தில் மட்டும் மாதுளை முத்துச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். அடுப்பில் கருப்பட்டிப் பாகு கம்பிப் பதம் தாண்டும் வாசம். அதற்கு அடியில் பேரீச்சை. அதற்கும் அடியில் ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரி வறுக்கும் புகை.

இந்தப் புகையைத்தான் நிதானமாக எடைபோட வேண்டும். வறுபட்டது வேறு, தீய்ந்தது வேறு. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் சுழலும் உருளையில் முளைதானியத்தை வறுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கொஞ்சம் கறுப்புத் தானியம் போட்டால் போதும், அண்டா முழுவதும் கறுத்துவிடும் என்பது அதன்பின்தான் கைவந்தது. வறுப்பவன் ஒரு நொடி அசந்தால் சாம்பல் ருசி வந்துவிடும். அடிப்பிடித்த பால்போல, என்ன செய்தாலும் போகாது. லயனில் சாம்பல் இல்லை. முதல் வாயில் இனிப்பு, நடுநாக்கில் கசந்த சாக்லேட், விழுங்கியபின் நெஞ்சில் மெல்ல ஏறும் சூடு. புட்டியில் 8.8 சதவீதம் என்று போட்டிருந்தது. வேகமாகக் குடிக்கும் பானமல்ல இது. பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இதை மெச்சி எழுதி வெளியுலகுக்குச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

அடுத்தது ஓட்ஸ் சேர்த்தது. இங்கிலாந்தின் டாட்காஸ்டரில் 1758 முதல் இருக்கும் ஆலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓட்ஸ் ஸ்டவுட்டை உடம்புக்குத் தெம்பு என்று சொல்லி விற்றார்கள். பிறகு அந்த வகையே வழக்கொழிந்து போனது. 1980இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் கேட்டதால் இந்த ஆலை அதை மீட்டது. ஐந்து சதவீதம்தான், லயனில் பாதியை ஒட்டிய வீரியம். ஆனால் வாயில் அதன் நடை வேறு. ஓட்ஸில் உள்ள பிசின் நீரில் கரைந்து ஒரு வழவழப்பைத் தருகிறது. எனக்கு உடனே தோன்றியது, புளித்த கேப்பைக்கூழைத் தெளியவைத்து மேலாக வடித்தால் தொண்டையில் இறங்குமே, அந்த மென்மை. இனிப்பு குறைவு. கடைசியில் ஒரு காய்ந்த கசப்பு வந்து நாக்கைத் துடைத்துவிட்டுப் போகிறது.

“எது தம்பி?”

இரண்டு தம்ளரையும் மாற்றி மாற்றி மறுபடி பார்த்தேன். ஒரு தம்ளருக்கு லயன், ஒரு முழு சாயங்காலத்துக்கு ஓட்ஸ் என்றேன். மனதில் பட்டது அதுதான். வாசத்துக்கு மட்டும் பரிசு என்றால் லயனுக்கே கொடுப்பேன்.

ஏனென்றால் எல்லாம் சேர்ந்து எழுந்த அந்த வாசம் காப்பி. காப்பிக்கொட்டை ஒன்றுகூட அதில் இல்லை. இந்த மலைகளில் முதலில் இருந்தது தேயிலை அல்ல, காப்பிதான். எங்கள் சீமையிலிருந்து முதலில் நடந்து வந்தவர்கள் காப்பி பறிக்கத்தான் வந்தார்கள். மன்னார்க் காட்டு வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அது செத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1881இல், ஆலை புகைந்தது. மண்ணைவிட்டுப் போன பயிரின் மணம் வேறொரு நாட்டுத் தானியத்தின் வழியே இந்தத் தம்ளருக்குள் வந்து நிற்பதுபோல் எனக்குப் பட்டது. வெகுநேரம் குடிக்காமல் மோந்துகொண்டே இருந்தேன்.

கம்பளி போர்த்தி அடுப்போரம் உட்கார்ந்திருந்த அண்ணனின் அம்மா, என் பெரியாத்தா, கையை நீட்டினார். குடிக்க மாட்டார். தம்ளரை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “காந்தல் வாசம். ஆனா நல்ல காந்தல்” என்றார். எனக்குக் கிடைக்காமல் இருந்த சொல் அது.

பிறகு தம்ளரைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார். “ஏப்பு, நம்ம ஊருல பொன்னாப் பழம் உதுத்த பனைன்னு மாமனாரு சொல்லுவாரு. அந்தப் பனை நின்ன எடத்த நீ பாத்திருக்கியா?”

கோயிலையும், அரங்குளநாதரையும், பக்கத்துப் பொற்பனைக்கோட்டையின் மண்மேட்டையும், அங்கே தொல்லியல் துறையார் குழி வெட்டிப் பார்த்ததையும் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அண்ணன் மீதியிருந்த லயனை மூவருக்குமாய்ப் பங்கிட்டு ஊற்றினார். பெரியாத்தா தன் பங்கைக் கையில் பிடித்தபடி, வாசம் மட்டும் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.