ஓட்டையைப் பாக்காதே, பாதையைப் பாரு

1/ துப்பாக்கியைக் கையால கூடத் தொடாத டாக்டர் நான். ஆனா இன்னைக்கு ஆப்பிரிக்காவில் யானை, எருமை வேட்டைக்கு எந்தத் தோட்டாவை எடுத்துட்டுப் போறாங்கன்னு எழுதப் போறேன். காரணம் இருக்கு.

2/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி, நாட்டுத் துப்பாக்கிக் காயத்தோட ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. வயித்துல சுண்டுவிரல் நுனி அளவு ஓட்டை. "சின்னக் காயம்தான் சார்"னு சீஃப்கிட்ட சொன்னேன். திறந்து பார்த்தா குடல் நாலு இடத்துல கிழிஞ்சிருக்கு! "ஓட்டையைப் பாக்காதே, பாதையைப் பாரு"ன்னார். நோயாளி பிழைச்சுட்டார். எனக்கு அந்த வார்த்தை மறக்கவே இல்ல.

3/ வேட்டைத் தோட்டாவுக்கும் அதே கணக்குதான். முக்கியமா ரெண்டு வகை.
சாஃப்ட் பாயின்ட்: உடம்புக்குள்ள போனதும் முனை காளான் மாதிரி விரியும். அகலமா கிழிக்கும், சீக்கிரம் நின்னுடும்.
சாலிட்: விரியாது. நேரா, ஆழமா போகும்.

4/ சிங்கத்துக்குத் தோல் மெல்லிசு, அதனால விரியுற தோட்டா. யானைக்கு அது உதவாது. யானையின் மண்டை தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைஞ்ச எலும்பு. மூளை அதுக்குள்ள ரொம்பப் பின்னாடி இருக்கு. அதுவரை போய்ச் சேர சாலிட்தான் வேணும்.

5/ 'கரமோஜோ' பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதுல பெரும்பாலானவற்றுக்கு அவர் பயன்படுத்தினது வெறும் 7 மி.மீ. ரைஃபிள், சுமார் 11 கிராம் சாலிட் தோட்டா. யானை மண்டையை அறுத்து, மூளை எங்க இருக்குன்னு படிச்சு வெச்சிருந்தார். எண்ணிக்கையைக் கேட்டா வயிறு கலங்குது. ஆனா அவர் நம்பினது தோட்டாவின் பருமனை இல்ல, உடற்கூறியலை.

6/ "அப்போ சின்னத் தோட்டாவே போதுமா டாக்டர்?" போதாது. குறி ஒரு சாண் தவறினா என்ன ஆகும்? அதனாலதான் இன்னைக்கு ஆபத்தான மிருகங்களுக்குப் பொதுவா .375 அங்குலம், அதாவது சுமார் 9.5 மி.மீ.க்குக் குறையாம எடுத்துட்டுப் போறாங்க. காயம்பட்ட எருமை புதருக்குள்ள போய் நிக்கும். தடம் பார்த்து முதல்ல உள்ள போறவர் உள்ளூர் டிராக்கர். தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்ல. தப்புக்கு விலை கொடுக்கிறது மிருகமும் அவரும்.

7/ இனி என் துறை. ஈயம் வெச்ச தோட்டா விரியும்போது பொடிப்பொடியா சிதறும். எக்ஸ்ரேல வெள்ளைப் புள்ளிகளா தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் கறியோட குழந்தைங்க தட்டுக்கும், மிச்சத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் போகுது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. முழுக்கச் செம்பால் ஆன தோட்டா இருக்கு. அதுவும் விரியும், இப்படிச் சிதறாது.

8/ வேட்டை சரியா தப்பான்னு நீங்க தாராளமா சண்டை போடலாம். எனக்கும் அதுல மனசு ஒப்பல. ஆனா ஒரு தோட்டா, சுட்டவன் கையை விட்டுப் போன பிறகும் ரொம்ப தூரம் போகுது. சீஃப் சொன்ன பாதை அதுதான்.