பெரம்பலூருக்கு மேற்கே ஒரு நாடு

பெரம்பலூர்க்காரர்களிடம் மலை எங்கே என்று கேட்டால் மேற்கே கை நீட்டுவார்கள். எப்படிப் போவது என்று கேட்டால், துறையூர் போய் ஏறுங்கள் என்பார்கள். கண்ணெதிரே நிற்கிற மலைக்குப் பக்கத்து மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் விநோதம் இந்த ஊருக்கு உண்டு. பச்சைமலையின் கிழக்குச் சரிவுதான் பெரம்பலூர் மாவட்டத்துக்கு வந்த பங்கு. லாடபுரம், அரும்பாவூர், பூலாம்பாடி, மலையாளப்பட்டி என அடிவாரத்தில் ஊர்கள் இருக்கின்றன. மலைமேல் இருக்கும் ஊர்களோ பெரும்பாலும் திருச்சி மாவட்டத்தில். இன்னொரு பக்கம் சேலம் மாவட்டம். 1995இல் பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது கோடு அப்படி விழுந்தது. மழைக்கு அந்தக் கோடு தெரியாததால் தண்ணீர் மட்டும் இன்றும் நம் பக்கம் வருகிறது.

குரும்பலூர் தாண்டி துறையூர், அங்கிருந்து உப்பிலியபுரம், பிறகு சோபனபுரம். சோபனபுரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதைக் கடந்தால் ஏற்றம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாதை விளையாட்டாகத் தெரியும். மலையின் உயரமும் மிரட்டுவதில்லை. 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்குள் ஏறி இறங்கும் மேட்டு நிலம். டாப் செங்காட்டுப்பட்டி வந்ததும் கடைகள், பள்ளிக்கூடம், வனத்துறையின் தங்கும் விடுதி. பெரும்பாலான வண்டிகள் இங்கே நின்றுவிடும். அருவியில் குளித்து, பாறைமேல் நின்று படம் எடுத்து, மாலைக்குள் இறங்கிவிடுவார்கள். பச்சைமலை பார்த்தாயிற்று என்று அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த மலை ஒரு நாடு. சரியாகச் சொன்னால் சில நாடுகள்: வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை. இங்கே நாடு என்பது பல சிற்றூர்கள் சேர்ந்த பழைய நிர்வாகப் பிரிவு. ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு ஒரு பெரியவர், கூட்டம் கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கம். ஊராட்சி மன்றம் வந்த பிறகும் அந்த மரியாதை முழுதாகப் போய்விடவில்லை. மக்கள் மலையாளிகள். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, பேச்சு தமிழ்தான். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, ஜவ்வாதுமலை என்று கிழக்கு மலைகளெல்லாம் பரவியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள், பெரியவன் சேர்வராயனில் தங்கினான், நடுவன் பச்சைமலைக்கு வந்தான், இளையவன் கொல்லிமலை ஏறினான் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஆராய்ச்சியாளர்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மூன்று மலைக்காரர்களும் பங்காளிகள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இனி வயலுக்கு வருவோம். மலைமேல் அடுக்கு வயல் என்றதும் நம் கண்ணில் வருவது பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் மலைச்சரிவுகள். வானம்வரை படிப்படியாக ஏறும் அந்த நெல்வயல்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பெரம்பலூர் மாவட்டம் பிறந்த அதே 1995இல். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பச்சைமலை ஏறுகிறவர் ஏமாந்துதான் போவார். இங்கே முழுச் சரிவையும் படியாக வெட்டவில்லை. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஊற்றுத் தண்ணீர் இறங்கும் பள்ளத்தில் மட்டும், மேலிருந்து கீழே சின்னச் சின்ன வயல்கள். சில வயல்களில் ஏர் திரும்பவே இடமிருக்காது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயரத்துக்குக் கல்கட்டு. சாந்து கிடையாது, கல்மேல் கல். மேல் வயல் நிரம்பி வாய்மடை வழியாகக் கீழ் வயலுக்கு, அங்கிருந்து அதற்கும் கீழே. நெல் அந்தப் பள்ளத்தில்தான்.

பள்ளத்துக்கு மேலே மாடு நடந்து உழக்கூடிய சரிவு உழவுக்காடு. ஏர் போகாத செங்குத்தில் மண்வெட்டியால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு இந்தக் காடுகளில் விளைந்தவை. நிலத்தை இப்படித் தரம் பிரித்து வைத்திருப்பதை உடன் வந்து காட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். வழிகாட்டி என்று பலகை மாட்டியவர் தேவையில்லை. காடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் போதும். அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டுக் கூட நடக்கலாம். நான் நடந்தது அப்படி ஒருவரோடு. “இந்தக் கட்டெல்லாம் யார் போட்டதுங்க ஐயா?” என்று கேட்டேன்.

“பாட்டன் பூட்டன் போட்டது. நாங்க போடல தம்பி, காக்குறோம். மழைக்கு ஒரு கல்லு சரிஞ்சா மறுநாளே தூக்கி வெக்கணும். விட்டா மண்ணு லாடபுரம் போயிரும்.”

அவர் சொன்னதில் மிகை இல்லை. லாடபுரத்தில் மயிலூற்று அருவியாக விழுவது இந்த மலையின் தண்ணீர். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே கல்லாற்றைத் தடுத்துக் கட்டிய விசுவக்குடி அணையில் நிற்பதும் அதுதான். மருதையாறு இங்கே பிறந்து பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. பள்ளத்து வயலில் ஒரு நாள் தங்கி வரும் மழைநீருக்கும், வெற்றுச் சரிவில் செம்மண்ணை உருட்டிக்கொண்டு வரும் வெள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அடிவார ஏரிகளைத் தூர்வாருகிறவர்கள் அறிவார்கள்.

இப்போது மலையில் கண்ணுக்கு முதலில் படுவது நெல்லும் இல்லை, சாமையும் இல்லை. மரவள்ளி. உழவுக்காடு, கொத்துக்காடு எல்லாம் கிழங்குக் காடாகிவிட்டது. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்கின்றன. கையில் காசு மொத்தமாக வருகிறது. சாமையைக் குத்திப் புடைத்துச் சோறாக்கும் பாட்டை நினைத்தால் பெண்கள் கிழங்குக்கு ஓட்டுப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. கீழே இருந்துகொண்டு சிறுதானியத்தைக் கைவிடாதீர்கள் என்று உபதேசம் செய்கிறவர்கள் ஒரு படி சாமை குத்திப் பார்க்கட்டும். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களில் வைத்துத்தான் சிறுதானியத்துக்கு மறுபடி ஆள் சேர்த்தது. இருந்தாலும் கிழங்கு பிடுங்கும்போது மண் கிளறுகிறது, சரிவில் அது நிற்பதில்லை. ஆலை விலை சரிந்த ஆண்டில் கிழங்கை மட்டும் நம்பியவர் வீட்டில் தானியமும் இருக்காது.

நிலத்தின் பத்திரம் இன்னொரு கதை. காப்புக்காடுகளுக்கு நடுவே தலைமுறையாக உழுதவர்களுக்கு உரிமை தரவே 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவொன்றால் பட்டா தருவது பல ஆண்டுகள் நின்று கிடந்தது. கல்கட்டைக் காப்பவருக்கு அந்தக் கட்டு தன் பேரில் இருக்கிறது என்ற நிச்சயம் வேண்டாமா?

மலையை விட்டு இறங்கும்போது கிழக்கே ஒருமுறை பார்க்க வேண்டும். தெளிந்த நாளில் சமவெளி தட்டையாக விரியும். சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தச் சமவெளியின் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரம் அந்தக் கடலுக்குள் புதைந்தது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். காரை என்ற ஊரின் ஓடைகளில் சிப்பிப் படிவங்கள் கிடைக்கின்றன, அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் அரைப்பது அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பை. வாரணவாசி அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் வைத்திருக்கிறார்கள். நாம் நிற்கும் பச்சைமலைப் பாறை அந்தக் கடலைவிடவும் பல மடங்கு பழையது. பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் வறண்ட பூமி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற வழக்கம் நம் பத்திரிகைகளுக்கு உண்டு. அதை எழுதியவர்கள் யாரும் இந்த மலையில் ஏறியிருக்க மாட்டார்கள்.

கீழே வந்தபின் கிழக்கு அடிவாரத்து அரும்பாவூரிலும் வண்டியை நிறுத்துங்கள். தேர்ச் சிற்பமும் சாமி வாகனமும் செதுக்கும் பட்டறைகள் இங்கே இருக்கின்றன. வாகை, மா, வேம்பு எனப் பல மரங்களில் வேலை. இந்த மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையடிவாரத்தில் மரவேலை வளர்ந்ததற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை.

பெரம்பலூர்ப் பக்கமிருந்தே மலைக்கு நேர்ச்சாலை வேண்டும் என்ற பேச்சு டீக்கடைகளில் எழுந்து அடங்கும். சுற்றுலா பெருகும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். சாலை வேண்டியதுதான், ஆனால் கிழங்கு மூட்டைக்கும் பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணுக்கும் அது முதலில் வேண்டும். குளிக்க வருகிற கார்கள் துறையூரைச் சுற்றியே வரலாம். பிளாஸ்டிக் பாட்டில்களை அங்கேயே இறக்கிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

வயல் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், பாதையில் அட்டையும் சேறும் இருக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டி வரும். ஆனியில் போனால் பலாப்பழம். சாலையோரம் குவித்து விற்பார்கள். துறையூர்ச் சந்தை விலையைச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். பள்ளத்திலிருந்து அந்தப் பழத்தைத் தலையில் சுமந்து ஏற்றிய கூலியை அவர்கள் விலையில் சேர்ப்பதே இல்லை.