சிலையைச் சுற்றி வருதல்

பிப்ரவரி 3, காமராசர் சாலை

உழைப்பாளர் சிலையை அறியாதவர் சென்னையில் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கே அதுதான் பெயர். ஆனால் அறிந்திருப்பது வேறு, பார்த்திருப்பது வேறு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட அந்த வெண்கலச் சிற்பத்தில் நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால் அது ஒரு கரிய குவியல். நடந்து போய்ச் சுற்றி வந்தால்தான், ஒரே பாறைக்கு நான்கு உடல்களும் நான்கு விதமாக வளைவது தெரியும். முதுகு இறுகுவதும் கால் ஊன்றுவதும் தெரியும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அதே மெரினா கரையில் எழுந்த வள்ளுவர், ஔவையார், கம்பர் சிலைகளுக்குப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இந்த நால்வருக்கோ பெயர் இல்லை; உடல்தான் பேச வேண்டும். உடலின் பேச்சைக் கேட்க நேரம் வேண்டும், அந்த நேரத்தை நடை தருகிறது. இடமும் சேர்ந்து பேசுகிறது: 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய இடங்களுள் ஒன்று இதே திருவல்லிக்கேணிக் கடற்கரை. சிலையின் பொருளில் பாதி அது நிற்கும் மண்ணில் இருக்கிறது என்பதே என் கட்சி.

பிப்ரவரி 4, அண்ணா சாலை

நல்ல சிலை எங்கே இருந்தாலும் நல்ல சிலைதானே, இடத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். இந்தச் சாலையே அதற்குப் பதில். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜேம்ஸ் நீலின் சிலை இங்கே நின்றது. அதை அகற்றக் கோரி 1927-இல் தொண்டர்கள் போராடினார்கள். அவர்களுள் ஒருவரான அஞ்சலை அம்மாள் சிறை சென்றார். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. வெண்கலம் அதேதான், ஆனால் தெருவில் அதிகாரமாக நின்றது கூடத்தில் வெறும் காட்சிப் பொருளானது. மெரினாவில் 2001-இல் அகற்றப்பட்ட கண்ணகி சிலை 2006-இல் மீண்டும் கடற்கரைக்கே வந்ததும் இடத்துக்காகத்தான். இடம் பொருட்டில்லை என்றால் இரண்டு வழக்கிலும் யாரும் இத்தனை பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு உண்டு, அது வலுவானது. இந்த வெயிலிலும் நெரிசலிலும் யார் நடப்பார்கள், சன்னலோரத்தில் கிடைக்கும் ஒரு பார்வை போதாதா? அந்தப் பார்வையை நான் இகழவில்லை. பெரும்பாலோருக்கு வாய்ப்பது அதுதான். ஆனால் தீவுத்திடல் அருகே நிற்கும், சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவைப் பாருங்கள். பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்து 1839-இல் வந்த குதிரைச் சிலை அது. சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. உயர்ந்த பீடத்தை அண்ணாந்து பார்த்து ஒரு நிமிடம் நின்றால்தான் அது கண்ணில் படும். அங்கே நிற்க விடாமல் நாலாபுறமும் வண்டிகள் பாய்கின்றன. குறை நடப்பவரிடம் இல்லை, சாலையிடம் இருக்கிறது. புதுச் சிலைக்கு இடம் தேடுமுன், இருக்கும் சிலைகளைச் சுற்றி வர ஒரு நடைபாதையும், அச்சமின்றிக் கடக்க ஒரு வழியும் அமைத்துத் தாருங்கள்.