அண்ணனின் வண்டியும் அஷ்டபந்தனமும்

ஆலயத் திருப்பணியில் ‘ஜீர்ணோத்தாரணம்’ என்றொரு சொல் வழங்குகிறது. சிதைந்ததைச் செம்மை செய்து மீண்டும் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். விரிசல் கண்ட மதிலை அடைப்பர். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவர். திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தை அகற்றிப் புதிதாகச் சார்த்துவர். மூலவரோ இருந்த இடத்திலேயே இருப்பார். இந்நெறியின் அருமையை நான் உணர்ந்தது, பழுதான ஒரு மின்சாரக் காரை எங்கள் வீட்டில் பிரித்துச் சீர்செய்த நாட்களில்தான்.

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை எங்கள் ஊர். பெங்களூரில் பணியாற்றிய என் தமையனார், அந்நகரிலேயே உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த ‘ரேவா’ காரை வாங்கியிருந்தார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை; முன் இருக்கைகளுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டு. ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் அண்ணியாரை அதில்தான் கோயில்களுக்கு அழைத்துச் செல்வார். அவர் இறைவனடி சேர்ந்தபின் வண்டி அசையாமல் நின்றது.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். அன்று தொடங்கிய பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. எங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. வண்டி இருக்கை மட்டத்துக்கு மூழ்கியது. “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்” என்றனர் பிள்ளைகள். அண்ணியார் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியினுள் ஒட்டியிருந்த செந்திலாண்டவர் படத்தின் சேற்றை முந்தானையால் துடைத்தார். அதைக் கண்டபின் வண்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பேட்டரி இணைப்புகளைக் கழற்றினோம். சேற்றையும் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவினோம். மேற்கூடு பிளாஸ்டிக் ஆகையால் துருப்பிடிக்கவில்லை. உள்ளிருக்கும் எஃகுச் சட்டத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினோம். செப்புக் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஆணவம் உயிரைப் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் கூறும் உவமை அதுவே. அதைச் சுரண்டி எடுக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை என் விரல்கள் அறிந்தன. மோட்டாரை உள்ளூர் மின்பணியாளர் பிரித்து உலர்த்தி ஓடவைத்தார்.

பேட்டரிகளைச் சோதித்தபோது மூன்றில் மட்டும் ஓரளவு சக்தி மிஞ்சியிருந்தது. மற்ற ஐந்தை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்றனர். ஆனால் எட்டும் ஒரே வரிசையில் இணைந்தவை; மின்சாரம் ஒவ்வொன்றையும் கடந்தே செல்லவேண்டும். நலிந்தது முதலில் தீர்ந்து, புதியவற்றின் ஆற்றலையும் குறைத்துவிடும். ஆகவே எட்டையும் மாற்றத் தீர்மானித்தேன்.

“எல்லாத்தையும் மாத்திட்டா, அது உங்க அண்ணன் வண்டியா இருக்குமா, தம்பி?” என்று கேட்டார் அண்ணியார்.

“கொம்பரக்கு, சுக்கான்கல், குங்குலியம் என்று எட்டுப் பொருளையும் புதிதாக இடித்துச் சேர்த்துத்தானே அஷ்டபந்தனம் சார்த்துகிறார்கள் அண்ணி? மருந்து புதிது என்பதால் மூர்த்தி வேறாகிவிடுகிறாரா? சட்டமும் மோட்டாரும் ஸ்டியரிங்கும் அண்ணன் கைபட்டவையே” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

2025 ஜூலை 7 அன்று திருச்செந்தூரில் குடமுழுக்கு நடைபெற்றது. கூட்டத்துக்கு அஞ்சி அன்று செல்லாமல், மண்டலாபிஷேக நாட்களில் ஒருநாள் அவ்வண்டியிலேயே சென்றோம். போகும் வழிக்கு மட்டும் சார்ஜ் போதுமென்று கணக்கிட்டு, இரவு உறவினர் வீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அண்ணன் மறைந்தபின் அண்ணியார் செந்திலாண்டவரைத் தரிசித்தது அன்றுதான். சந்நிதியில் கூப்பிய கரங்களை அவர் நெடுநேரம் இறக்கவில்லை.

முதுமையில் நம் உடலிலும் இல்லத்திலும் தேய்வன பல. தேய்ந்ததைப் புதுப்பிப்பதால் பழையவர்களை நாம் மறந்தவர்களாக மாட்டோம். அவர்கள் போற்றியது மீண்டும் பயன்படுமாறு செய்வதும் ஒரு திருப்பணியே.