மறுமுனையில் யார்?

“கிராமத்துக்கு நெட் வந்ததே 2016லதான்” என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது. காவிரிக்கு இரண்டு பக்கமும் வரப்பில் உட்கார்ந்து யூடியூப் பார்க்கிறவர்கள் பெருகினார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே, மதுரை மேலூர்ப் பக்கம் என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில், ஓட்டு வீட்டுக்கு மேல் உயர நின்ற ஓர் இரும்புக் குழாயையும் அதன் உச்சியில் இருந்த சின்ன ஆன்டெனாவையும் பார்த்திருக்கிறேன். கீழே, தெருவைப் பார்த்த அறையில், அத்தை மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊராருக்கு மனு தட்டிக்கொடுப்பார். பள்ளி விடுமுறைக்குப் போன எனக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த சீட்டாட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது. குழாய் எதற்கு என்று கேட்டதில்லை.

இப்போது கேட்கத் தோன்றியது. கூடவே கொஞ்சம் ஊர்த் திமிரும் சேர்ந்துகொண்டது. நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். கம்ப்யூட்டரைத் தமிழ் வாசகனுக்குப் பழக்கிய சுஜாதா வளர்ந்த ஊர். மேலூருக்கு வந்தது நம் ஜீயபுரத்துக்கும் பெட்டவாய்த்தலைக்கும் வராமலா போயிருக்கும்? இந்தப் பக்கம் அப்படி ஒரு குழாய் முதலில் எந்த ஊரில் நின்றது என்று கண்டுபிடித்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதலில் அந்த அத்தை மகளை, என் அத்தாச்சியை, போனில் பிடித்தேன். “அது கார்டெக்டு, தம்பி. மெட்ராஸ் ஐஐடியில செஞ்சது” என்றார். இருபது வருடத்துக்குப் பிறகும் பெயர் அவருக்கு மறக்கவில்லை.

பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவும் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி முறை அது. ஊர் ஊராகச் செம்புக் கம்பி இழுப்பதுதான் பெருஞ்செலவு, அதை மிச்சப்படுத்தினால் கிராமத்துக்குக் கட்டுப்படியாகும் என்பது அவர்கள் கணக்கு. கோபுரத்திலிருந்து மறைப்பில்லாமல் பார்த்தால் 10 கிலோமீட்டர் வரை எட்டும். நடுவே ஒரு ரிலே வைத்தால் 25. வேகம் 35 அல்லது 70 கிலோபிட். 2004இல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வகுத்த குறைந்தபட்ச வேகமே 256 கிலோபிட் என்பதால், அத்தாச்சியின் குழாயில் இறங்கியது அந்தத் தகுதிக்குக்கூட வராத வேகம். ஐஐடி குழுவிலிருந்து முளைத்த என்-லோக் நிறுவனம், ஹார்வர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் எல்லாரும் சேர்ந்து 2001 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் சாரி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊரில் இணையக் கடை வைக்கிறவர் உள்ளூர்க்காரர். ஏறத்தாழ 50,000 ரூபாயில் கம்ப்யூட்டர், பிரிண்டர், பேட்டரி, குழாய் எல்லாம் அடக்கம்.

அந்தக் கடைகளிலிருந்து சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மனுக்கள் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகப் போயின. கண் நோயாளியைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோய் கண்ட வெண்டைச் செடியின் படம் வேளாண் கல்லூரிக்குப் போய், என்ன மருந்து என்று பதில் வந்தது. இவை வெளியே பேசப்பட்டவை. “காசு வந்தது பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்ததுலயும் ஜாதகம் பிரிண்ட் போட்டதுலயும்தான்” என்றார் அத்தாச்சி.

மேலூர்க் கதை கிடைத்துவிட்டது. இனி திருச்சிக் கதை. அங்கேதான் ஒரு பெரியவரிடம் மாட்டினேன்.

திருவானைக்காவலில் இருக்கிறார். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்து ஊர்களில் எந்தக் கம்பம் எந்த வயலில் நிற்கிறது என்பதுவரை அத்துப்படி என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன். அதன்மேல் பொடி டப்பாவை வைத்தார்.

“முதல்ல எந்த ஊருக்கு நெட்டு போச்சுன்னா கேக்குற? முதல்ல எந்த ஊர்ல மணி அடிச்சுதுன்னு கேளு.”

சரி, அதையே கேட்டேன். கிராமத்துப் பொது போன்களை ரேடியோ வழியாக இணைத்த எம்.ஏ.ஆர்.ஆர். காலத்துக்குப் போய்விட்டார். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெட்டி, ஊரில் ஒரு பெட்டி, நடுவில் காற்று. பேட்டரி இறங்கினால் போன் ஊமை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்த ஊர் ‘தொலைபேசி உள்ள கிராமம்’. நாடு முழுக்க அந்த முறை தேறவில்லை. பிறகு பி.எஸ்.என்.எல். அவற்றை மாற்றத் தொடங்கியபோது சில இடங்களில் அதே கார்டெக்ட்டையே வாங்கியது. நான் போனில் படத்தைக் காட்டியதும், “இதுவா? டபிள்யூ.எல்.எல். பொட்டி” என்று அடையாளம் சொன்னார்.

“இதுல நெட் வந்துச்சா, ஐயா?”

“வந்திருக்கலாம். கேட்டவன் யாரு?”

ஒவ்வோர் ஊராக விரல் வைத்துக் கேட்டேன். எதற்கும் ஆமென்று சொல்லவில்லை. வருடம் கேட்டால் பழுது சொன்னார். பழுதைக் குறித்துக்கொண்டால், “அதை ஏன் எழுதுற? லைன் எப்படி டெஸ்ட் பண்ணணும்னு எழுது” என்றார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவருக்கோ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எந்தக் கேள்விக்கும் பதிலாகச் சொல்ல முடிந்தது.

“டோன் வந்துச்சுன்னா லைன் வந்துருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. டோன் எக்ஸ்சேஞ்ச் மெஷின் குடுக்கறது. டெஸ்ட் போனை மாட்டி நம்பர் போட்டா, அந்தப் பக்கம் ஒரு ஆளு எடுத்து ‘சொல்லு’ன்னு சொல்லணும். அதுவரைக்கும் அது வெறும் கம்பி.”

வரைபடத்தை மடித்தபோது, பரிதாபப்பட்டோ என்னவோ, அவரே சொன்னார்: “வெளிச் சேதி கிராமத்துக்கு வந்த கதைதான உனக்கு வேணும்? கம்பியையே ஏன் சுத்தற? ரேடியோ நெல்லு தெரியுமா? எங்கப்பா லால்குடியில போட்டாரு.”

தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு குழாயைத் தேடும் ஆசை விட்டுப்போயிற்று.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் தேதி தொடங்கியது. 1966இல் நாட்டில் சில நிலையங்களில் மட்டும் விவசாயிகளுக்கென்று பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு திறந்தபோது, அதில் திருச்சியும் ஒன்று. அதே சமயத்தில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற புதிய நெல் வந்திருந்தது. ஏறத்தாழ 105 நாளில் விளைந்து குறுவைக்குப் பொருந்திய நெல். திருச்சி வானொலி அதை விடாமல் பேசியது. நாற்றங்கால் எப்படி, உரம் எப்போது, பூச்சி விழுந்தால் என்ன என்று பருவத்தோடு கூடவே வந்தது ஒலிபரப்பு. தஞ்சைச் சம்சாரிகள் ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரை விட்டுவிட்டு ‘ரேடியோ நெல்’ என்றே கேட்டு வாங்கினார்கள்.

வானொலியில் கேட்கிறவன் திருப்பிப் பேச முடியாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அத்தாச்சியின் 35 கிலோபிட்டை விடவும் ஏழை. அப்படியும் அது எப்படி வயல்வரை போனது? அப்போது தஞ்சை, தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் இருந்தது. விதை, உரம், கடன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, ஊரில் கிராம சேவக்கையும் நிறுத்திய திட்டம் அது. ரேடியோ சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து போனால், போன இடத்தில் விதை இருந்தது. சந்தேகம் கேட்க ஆள் இருந்தார். பெரியவரின் டெஸ்ட் போனுக்கு அந்தப் பக்கம் ‘சொல்லு’ என்று குரல் வந்தது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலூருக்குத் திரும்பினால், அந்தக் கடைகள் பிறகு மூடிப்போன கதை வேறு மாதிரி தெரிகிறது. வேகம் போதவில்லை, மின்சாரம் நிற்கவில்லை, வருமானம் கட்டவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்தை ஆராய்ந்த மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் இன்னொன்றையும் சுட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் கடைக்கும் அரசுக்கும் இருந்த தொடர்பு தளர்ந்துவிட்டது. மனு அனுப்பும் கருவி அப்படியே இருந்தது. வாங்கிப் பார்க்கிறவர் போய்விட்டார். அத்தாச்சி சொன்னதும் இதுதான்: “பதில் வர்றது நின்னுச்சு, ஆள் வர்றதும் நின்னுச்சு.”

நிலைத்தவையும் உண்டு. தேனியில் அரவிந்த் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துக்கொடுத்த நெடுந்தொலைவு வைஃபை வழியாகக் கிராமக் கண் மையங்களை இணைத்தது. மையத்துக்கு வருகிற நோயாளி ஒவ்வொருவரும் திரையில் டாக்டரோடு பேசிவிட்டுத்தான் போவார். எதிரே டாக்டர் உட்காராவிட்டால் மையமே நடக்காது. புதுச்சேரி வீராம்பட்டினத்தில், 1998இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் தகவல் மையத்தினர், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரம் பார்த்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது கரையில் நிற்கிறவனுக்கு அன்றன்றைக்கு வேண்டிய பதில்.

இப்போது நம் பக்கம் வந்திருப்பது கண்ணாடி இழை. 2011இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம். தமிழ்நாட்டில் இதற்கென்று தொடங்கிய டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பு 12,525 ஊராட்சிகள். திருச்சி மாவட்டத்தில் மட்டும் 404. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலேயே போகிறது. ஊராட்சிக்கு 1 ஜிகாபிட் என்பது இலக்கு. கார்டெக்ட்டின் 70 கிலோபிட்டோடு ஒப்பிட்டால் பதினாலாயிரம் மடங்குக்கு மேல்.

ஸ்ரீரங்கம் தாலுகாவில் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் இந்த இழை வந்து சேரும் ரேக்கைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, நெட் ஓடியது, ஊராட்சிச் செயலர் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். “ஊர்க்காரங்க இதுல என்ன கேக்கறாங்க?” என்றேன். “அவங்க கையிலதான் போன் இருக்கே” என்றார். நியாயமான பதில். பார்க்க, படிக்க, காசு அனுப்ப போன் போதும். ஆனால் பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறவருக்கும், முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனவருக்கும், நெல்லில் இலை சுருண்டு நிற்கிறவருக்கும் வேண்டியது வீடியோ இல்லை, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள். ஜிகாபிட்டால் அந்த ஆளை உண்டாக்க முடியாது.

ஆகவே எந்த ஊர் முதல் என்ற கேள்வியை நான் கைவிட்டாயிற்று. அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. எவ்வளவு வேகம் வருகிறது என்று கேட்டால் போதாது. எங்கள் மனு எந்த அலுவலர் மேசைக்குப் போகும், எத்தனை நாளில் பதில் வரும், அவர் மாற்றலானால் அடுத்து யார் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். இழை இழுப்பதற்கு ஒப்பந்தக்காரர் இருப்பதுபோல் பதிலுக்கும் ஒரு பொறுப்பாளி வேண்டும்.

இதைப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: “பேரு மட்டும் போதாது, தம்பி. போன் நம்பரையும் எழுதச் சொல்லு. எழுதினதும் சபையிலயே ஸ்பீக்கர்ல போட்டு அடிச்சுப் பாக்கச் சொல்லு.”