ஏலத்தில் வந்தவர்கள்

சிட்னியில், வெஸ்ட்மீட் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற பத்து நிமிடத்தில் நானும் யாழ்ப்பாணத்து நண்பரும் பேசித் தீராத விஷயம் ஒன்று உண்டு. ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் இத்தனை வருடத்தில் எடுத்த ஆட்களில் யார் உருப்படி, யார் வீண்?

நண்பருக்கு இதில் சந்தேகமே கிடையாது. "அண்ணை, முரளிக்கு மேல ஒருத்தரும் இல்லை" என்பார். 2008 ஏலத்தில் ஆறு லட்சம் டாலருக்கு முரளிதரன் வந்தார். 1995 பாக்ஸிங் டே டெஸ்டில், இதே ஆஸ்திரேலியாவில், நடுவர் டாரல் ஹேர் திரும்பத் திரும்ப நோ-பால் கொடுத்தாரே, அதே முரளி. அவர் ஆஸ்திரேலியர்களான ஹெய்டனோடும் ஹஸ்ஸியோடும் ஒரே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவியின் ஊரான சென்னைக்கு ஆடினார். நண்பருக்கு இது விக்கெட் கணக்கு இல்லை. நான் மறுத்துப் பேசுவதும் இல்லை.

என் ஓட்டு டக் போலிஞ்சருக்கு. பிறந்தது பால்கம் ஹில்ஸ். வெஸ்ட்மீட்டிலிருந்து காரில் போனால் கால் மணி நேரம். 2010இல் சென்னை தோற்றுத் தோற்றுத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சீசன் நடுவில், மாற்று ஆளாக வந்தவர். ராஜஸ்தானுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் முரளி விஜய் 127 அடித்த நாளில் இரண்டு அணியும் சேர்ந்து 469 ரன். அந்த வெளுப்பில் போலிஞ்சர் நாலு ஓவரில் கொடுத்தது 15. அப்புறம் டெக்கான் சார்ஜர்ஸுடன் அரையிறுதியில் 13 ரன்னுக்கு நாலு விக்கெட். அந்த வருடம்தான் சென்னைக்கு முதல் கோப்பை.

வீண் செலவு என்று வந்தால் எல்லாரும் முதலில் ஃபிளின்டாஃபைச் சொல்வார்கள். 2009இல் 15.5 லட்சம் டாலர், மூன்றே ஆட்டம், முழங்கால் போய்விட்டது. 2022இல் 14 கோடிக்கு வந்த தீபக் சாஹர் காயத்தால் சீசன் முழுக்க வெளியே. 2023இல் பென் ஸ்டோக்ஸ்: 16.25 கோடி, இரண்டு ஆட்டம், 15 ரன். அதே ஏலத்தில் 50 லட்சத்துக்கு வந்த ரஹானே ஆடிய ஆட்டத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருடமும் கோப்பை நமக்குத்தான். ஆனால் உடம்பு ஒத்துழைக்காத மனுஷனை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வலிப்பது கிருஷ்ணப்பா கௌதம். 2021இல் 9.25 கோடி கொடுத்து எடுத்தார்கள். அந்த சீசனில் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு கம்பெனி என்னை எடுத்து, ஏழு மாதம் உருப்படியான வேலை எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்திருந்தது. சம்பளம் தேதி தவறாமல் வந்தது. காலையில் சட்டை மாட்டும்போது கை கூசும். கௌதம் மாற்று ஆட்களோடு பெஞ்சில் இருப்பதை டிவியில் காட்டியபோதெல்லாம் எனக்கு அந்த ஏழு மாதம்தான் நினைவுக்கு வந்தது. ஆளை எடுத்துவிட்டுக் கையில் பந்தைக் கொடுக்காமல் இருப்பதைவிட மோசமான ஏலம் கிடையாது.

இதற்கு நேர்மாறானது வாட்சன். 2018, நாலு கோடி. மே 27, வான்கடேயில் இறுதி ஆட்டம். நமக்கு ராத்திரி பதினொன்றரைக்குத் தொடங்கியது. சென்னை பேட்டிங் வந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. பக்கத்து அறையில் பையன் தூங்குகிறான் என்று டிவியில் சத்தத்தை அடைத்திருந்தோம். ஜெயிக்க 179 வேண்டும்; வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. நண்பர் கையில் டீ ஆறி ஏடு படிந்துவிட்டது, குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிறகு வாட்சன் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சிக்ஸருக்கும் நான் சோபாத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். 57 பந்தில் 117, அவுட்டே இல்லை. அடுத்த வருடம் பாதி சீசன்வரை ரன் வரவில்லை, அப்போதும் அவரை உட்கார வைக்கவில்லை. ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பேன்ட் முழங்காலில் ரத்தம் ஊற 80 அடித்தார். ஒரு ரன்னில் தோற்றோம். அந்தப் பொறுமைக்குத்தான் நான் சென்னை அணியை நேசிக்கிறேன்.

அஷ்வினை எந்தப் பக்கம் எழுதுவது? உள்ளூரிலேயே கண்டெடுத்த பையன். 2010, 2011 கோப்பைகளில் அவர் கை உண்டு. 2025இல் 9.75 கோடிக்குத் திரும்பி வந்து ஒன்பது ஆட்டத்தில் ஏழு விக்கெட். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கிறார்.

அவரைத்தான் 2025 செப்டம்பரில் நம்ம ஊர் அணி சிட்னி தண்டர் எடுத்தது. என் பையன் தண்டரின் பச்சைச் சட்டைக்காரன். இனி அப்பாவின் ஆளும் அவன் ஆளும் ஒரே ஆள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தை வைத்து, பெரிய அட்டையில் "அஷ்வின்" என்று எழுதினான். "ஷ்" மட்டும் மூன்று தடவை தப்பிப்போனது. வெள்ளைத்தாள் ஒட்டி ஒட்டி எழுதினான். நவம்பரில் முழங்கால் காயம், அஷ்வின் வரவில்லை என்று செய்தி.

அட்டை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. எறிய அவன் விடவில்லை.