கால்சியம் 7.6

என் வயதுக்காரர்கள் யாராவது காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று மருத்துவமனையில் நாலு நாள் படுத்துவிட்டு வந்தால், இப்போதெல்லாம் கையில் ஒரு கட்டுத் தாளோடுதான் வருகிறார்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து அதை ஒருவர் மாற்றி ஒருவர் பார்ப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கமாகிவிட்டது. சர்க்கரையும் உப்பும் எல்லோருக்கும் அத்துப்படி. போன மாதம் ஃபுளூ காய்ச்சல் நிமோனியா வரை போய்ப் பிழைத்து வந்த ஒரு நண்பரின் தாளில், கால்சியத்துக்கு எதிரே ஓர் எண்ணும் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் இருந்தன. "தினம் பால் குடிக்கிறேன், கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன், எப்படிய்யா குறையும்?" என்று கேட்டார். உடனே மூன்று பேர் மூன்று மாத்திரைப் பெயர் சொன்னார்கள். தூறல் போட்டதால் அன்று கலைந்துவிட்டோம். நான் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த எண்ணோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது 2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. என் மனைவி இங்கே புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில், ஆக்ஸிஜன் முகமூடியோடு. உள்ளே யாரையும் விடவில்லை. தினமும் மாலையில் ரிப்போர்ட் என் மகனின் வாட்ஸ்அப்பில் வரும். அதன் பிறகு டாக்டர் ஐந்து நிமிடம் போனில் பேசுவார். அவளைப் பார்க்க முடியாது. அந்த எண்களைத்தான் பார்க்க முடியும். ஐந்தாம் நாள் கால்சியம் 7.6 என்று வந்தது. இருக்க வேண்டியது 8.5 முதல் 10.5 வரை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். "கால்சியம் இறங்கினா இதயம் நின்னுடும், உடனே ஊசி போடச் சொல்லுங்க" என்று மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். மகன் வெளிறிப் போனான். அந்த நேரம் பார்த்து பாரிசுக்குப் பக்கத்திலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். (நான் பெண் எடுத்தது சொல்தா குடும்பம், பாதிப் பேர் பிரான்சில்.) அவனும் அதற்கு முந்தைய வருடம் இதே நோயில் படுத்து எழுந்தவன். "மாமா, எனக்கு அப்போ கால்சியம் 2.05 தான் இருந்துச்சு. அக்காவுக்கு 7.6னா மூணு மடங்குக்கு மேல இருக்கே, யார் குறைச்சல்னு சொன்னது?" என்றான்.

நான் கருவூலத்தில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தனாக இருந்தவன். ஓர் எண்ணைப் பார்த்தால் முதலில் அதன் அலகைப் பார்ப்பது என் தொழில் வியாதி. இங்கே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். பிரான்சில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று. அவர்கள் எண்ணை நான்கால் பெருக்கினால் நம் எண் வரும். அவனுடையது 8.2. ஆகவே அவனுக்கும் குறைவுதான், என் மனைவிக்கு இன்னும் குறைவு. அவன் தன் பழைய தாளைப் படமெடுத்து அனுப்பினான். பிரெஞ்சு மீடியத்தில் படித்தது ப்ரெவே தேர்வுக்குப் பிறகு எனக்கு அவ்வளவாகச் சோறு போடவில்லை; அன்று இரவு உதவியது. அதில் கால்சியத்துக்குக் கீழே இன்னொரு வரி: "கால்சேமி கொரிழே". திருத்தப்பட்ட கால்சியம். அந்த எண் சரியான அளவுக்குள் இருந்தது.

எதைக் கொண்டு திருத்துகிறார்கள்? ஆல்புமினைக் கொண்டு. இதைச் சம்பளப் பட்டியலாக நினைத்துப் பாருங்கள். ரத்தத்தில் உள்ள மொத்தக் கால்சியம் நூறு ரூபாய் என்றால், ஏறக்குறைய நாற்பது ரூபாய் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைப்பு நிதியில் பிடித்த பணம் மாதிரி. இன்னொரு பத்து ரூபாய் பாஸ்பேட், சிட்ரேட் போன்றவற்றோடு. மீதி ஐம்பதுதான் கையில் வரும் சம்பளம். தசையும் நரம்பும் இதயமும் இதை வைத்துத்தான் குடும்பம் நடத்துகின்றன. இதற்கு அயனிக் கால்சியம் என்று பெயர். கடுமையான தொற்று வந்தால் கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. இருப்பதும் ரத்தக் குழாய்களிலிருந்து கசிகிறது. வைப்பு நிதி குறைந்தால் மொத்தத் தொகையும் குறையும். அதனால் கைச் சம்பளம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

கணக்கு இதுதான்: ஆல்புமின் 4க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். என் மனைவியின் ஆல்புமின் 2.8. குறைவு 1.2. பெருக்கினால் 0.96. கூட்டினால் 8.56. பாஸ் மார்க்கை ஒட்டிக்கொண்டு நின்றது. தாளின் பின்புறம் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் அன்று சாப்பிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். என் மகனைவிட இளையவர். கோபித்துக்கொள்ளவில்லை. "கணக்கு சரிதான் சார். ஆனா இவ்வளவு முடியாம இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கை முழுசா நம்ப முடியாது. அதனால அயனிக் கால்சியத்தையே நேரா பார்த்துட்டோம்" என்றார். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி இருக்கிறதே, அதுவே இதையும் சொல்லிவிடுமாம். 1.08 மில்லிமோல். 1.15க்கு மேல் இருந்தால் நல்லது. அதாவது கைச் சம்பளத்திலும் கொஞ்சம் குறைவு, ஆபத்தான குறைவு இல்லை. மெக்னீசியமும் பார்த்திருந்தார்கள், சரியாக இருந்தது. அது குறைந்தால் கால்சியம் ஏற மறுக்குமாம். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளி நீளவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். கால்சியம் குறைந்தால் அந்த இடைவெளி நீளும். அசித்ரோமைசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் கூட அதை நீட்டக்கூடியவை. மார்செய் பேராசிரியர் திதியே ராவூல் அவற்றைத் தூக்கிப்பிடித்த நாட்களில் என் பிரான்ஸ் உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது தனிக் கதை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். இங்கே அசித்ரோமைசினை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். ஊசி வேண்டாம், தினமும் பார்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். மகனிடம் அப்படியே சொன்னேன். கம்பவுண்டரிடமும்.

இது கொரோனாவோடு வந்த புதுமையும் இல்லை. 2003இல் கனடாவின் டொரன்டோவில் சார்ஸ் பரவியபோது 144 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 60 சதவீதம் பேருக்குக் கால்சியம் குறைந்திருந்தது. 2020இல் இத்தாலியில், மிலான் நகரின் சான் ரஃபேலே மருத்துவமனைக்கு வந்த கொரோனா நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அயனிக் கால்சியமே குறைவு. ஆகவே ஆல்புமின் மட்டும் காரணமில்லை. வைட்டமின் டி பற்றாக்குறை ஒரு பக்கம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள், கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துத் தர வேண்டியவை, நோயின் அழற்சியில் சோம்பிப் போவது இன்னொரு பக்கம். நோய் கடுமையானவர்களுக்கு இந்த எண் கூடுதலாக இறங்குகிறது என்பது பல இடங்களில் பார்த்த விஷயம். ஆனால் எண்ணை ஏற்றிவிட்டால் நோய் இறங்கிவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் போகுமா?

பால், கேழ்வரகு விஷயத்துக்கு வருகிறேன். நம் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தின் திரவப் பகுதி முழுவதையும் சேர்த்தாலும் 300 மில்லிகிராம் தேறும். ஒரு பெரிய டம்ளர் பாலில் உள்ள அளவு. உள்ளே ஒரு கிலோ கஜானா இருக்கும்போது, நேற்றுக் குடித்த கூழினால் இந்த எண் ஏறுவதும் இல்லை, குடிக்காததால் இறங்குவதும் இல்லை. கூழ் நல்லதுதான், எலும்புக்கு. காய்ச்சலில் இறங்கிய எண்ணுக்கு அதன் மேல் பழி போடக் கூடாது.

இன்னொன்று. மூச்சு வாங்கும் நோயில் பயந்துபோய் வேகவேகமாக மூச்சு விடுவார்கள். அப்போது ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, காரத்தன்மை கூடி, கைச் சம்பளத்தில் கொஞ்சம் மறுபடியும் ஆல்புமினோடு போய் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரவென்று இருக்கும். மொத்தக் கால்சியம் மாறாமலே இது நடக்கும். ஆனால் விரல்கள் தானாக இழுத்துக்கொண்டாலோ, வலிப்பு வந்தாலோ கதை வேறு. அப்போது கால்சியம் குளூக்கோனேட்டை நரம்பில் மெதுவாக ஏற்றத்தான் வேண்டும், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி. அது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆல்புமின் 3.6, கால்சியம் 8.9. நடுவில் ஒரு கால்சியம் மாத்திரை கூடக் கொடுக்கவில்லை. வாய் ருசி வந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள், அவ்வளவுதான். வைட்டமின் டி மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது. அதற்கு வாரம் ஒரு பொட்டலம் வீதம் எட்டு வாரம் பாலில் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். ஆனாலும் விரல் மரமரப்பு இருக்கிறது என்று அவள் சொன்னதால், டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் கட்டி, காற்றை ஏற்றி, இறக்காமல் அப்படியே விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. துரூசோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் ஒத்தெல்-தியே மருத்துவமனையில் இருந்த ஆர்மான் துரூசோ. ரத்தம் வடித்து வைத்தியம் செய்த காலத்தில், கையில் கட்டுப் போட்டபோது விரல்கள் குவிந்து இழுத்துக்கொண்டதைக் கவனித்தவர். பிரசவம் பார்ப்பவர் கையைக் குவிப்பது போல இருப்பதால் பிரெஞ்சில் அதற்கு "மேன் தக்குஷேர்" என்று பெயர். அதற்குக் காரணம் கால்சியம் என்று அவர் காலத்தில் தெரியாது. 1909இல்தான் அமெரிக்காவில் மெக்கல்லமும் ஃபோக்ட்லினும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதை டாக்டரிடம் மெல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்குங்க, கை நசுங்குது" என்றாள் என் மனைவி. மூன்று நிமிடம் முடியும்வரை விரல்கள் நேராகத்தான் இருந்தன.